நாயோடு ஹோட்டலில் தங்க: முன்பதிவு முதல் செக்-அவுட் வரை

"பெட்ஸ் அலவ்டு" என்று போட்டிருக்கும் ஹோட்டல்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒன்றில் நாய் உங்கள் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் பின்கட்டில் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் இருக்கும் நாய்க் கொட்டடியில்தான் (கென்னல்) கட்டவேண்டும். சில இடங்களில் 10 கிலோவுக்கு மேல் இருந்தால் வாசலிலேயே கையை விரித்துவிடுவார்கள். ஏழெட்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ரிசப்ஷனில் நின்றபிறகு இது தெரியவந்தால், ராத்திரி எட்டு மணிக்கு வேறு அறை தேடி அலையவேண்டியதுதான்.

ஹோட்டல்காரர்கள் பயப்படுவது நாயைப் பார்த்து அல்ல. குரைப்பு, கறை, பக்கத்து அறைக்காரரின் புகார் ஆகியவற்றுக்குத்தான். இவற்றுக்கு உங்களிடம் பதில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பல மேனேஜர்கள் இறங்கி வருவார்கள். கீழே உள்ளவை தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் காரில் போய் இரண்டு மூன்று நாள் தங்குபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில்: கூட்டிப் போகத்தான் வேண்டுமா?

எல்லா நாய்க்கும் பயணம் ஒத்துவராது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டி (ஏறக்குறைய நான்கு மாதம் வரை), தீட்டில் இருக்கும் பெண் நாய், பத்து நிமிடம் தனியாக விட்டாலே கதவைப் பிறாண்டி ஊளையிடும் நாய் ஆகியவற்றை வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது. பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஏப்ரல், மே மாதச் சமவெளிப் பயணம் ஆபத்து. அவற்றால் மூச்சிரைத்து உடம்பைச் சரியாகக் குளிர்வித்துக்கொள்ள முடியாது.

படி 1: இடத்தைத் தேர்வு செய்வது

நாயோடு தங்க வசதியானது தனி வாசல் உள்ள காட்டேஜ் அல்லது ஹோம்ஸ்டே. ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர், கூர்க், வயநாடு பக்கம் இவை நிறைய உண்டு. லிஃப்ட், நீண்ட காரிடார், பெரிய லாபி உள்ள ஹோட்டலில் ஒவ்வொரு முறை நாயை வெளியே கூட்டிப் போகும்போதும் பத்துப் பேரைக் கடக்கவேண்டும். அதில் ஒருவருக்காவது நாய் என்றால் பயம் இருக்கும். பழனி, ராமேஸ்வரம் போன்ற கோயில் ஊர்களில் பெரும்பாலான லாட்ஜுகளில் நாயை விடமாட்டார்கள். அங்கே போவதானால் பக்கத்து ஊரில் தங்கிவிட்டு, ஆள் மாற்றி ஆள் தரிசனம் செய்துவிட்டு வருவதுதான் வழி.

ஹோம்ஸ்டேயில் கட்டாயம் கேட்கவேண்டியது: "உங்க வீட்ல நாய் இருக்கா?" பல எஸ்டேட் வீடுகளில் காவலுக்கு இரண்டு மூன்று நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும். உங்கள் நாய் சாதுவாக இருந்தாலும் அது அந்த நாய்களின் எல்லைக்குள் நுழையும் அந்நியன். கோழி, வாத்து, பூனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்கள் வளர்ப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லவே வேண்டாம்.

படி 2: போன் செய்வது

முன்பதிவு ஆப்பில் இருக்கும் நாய்ப் படக் குறியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தகவல் பழையதாக இருக்கலாம், அல்லது ஒரே ஒரு அறை வகைக்கு மட்டும் பொருந்தலாம். கஸ்டமர் கேர் எண்ணும் உதவாது. ஹோட்டலின் ரிசப்ஷனுக்கே அழைத்து, முடிந்தால் மேனேஜரிடம் பேசுங்கள்.

பேசும்போது சுற்றி வளைக்காதீர்கள். "சார், எங்களோட ஒரு லேப்ரடார் வருது. 28 கிலோ, நாலு வயசு, ஊசி எல்லாம் போட்டாச்சு. ரூம்ல எங்களோடவே இருக்கலாமா?" என்று எடையோடு கேளுங்கள். "நாய் இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் மடியில் தூக்கும் பொமரேனியனை நினைத்துக்கொண்டு சரி என்பார். வாசலில் 28 கிலோ இறங்கும்போது பேச்சு மாறும். ராட்வீலர், பிட்புல் வகைகளை நாய்க்கு அனுமதி உள்ள இடங்களிலும் மறுப்பதுண்டு. அதை மறைத்துப் பதிவு செய்வதில் பயனில்லை. நாட்டு நாய் என்றதும் முகம் சுளிக்கும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பதே மரியாதை.

கேட்கவேண்டிய மற்றவை:

- நாய்க்கான கட்டணம் ஓர் இரவுக்கா, தங்கும் காலம் முழுவதற்குமா? வரி சேர்த்தா?
- டெபாசிட் உண்டா? எதற்கெல்லாம் பிடிப்பார்கள்?
- அறையில் நாயைத் தனியாக விடலாமா? (பெரும்பாலான இடங்களில் கூடாது என்பார்கள்.)
- சாப்பிடும் இடத்துக்கு நாயைக் கொண்டுவரலாமா? இல்லையென்றால் அறைக்குச் சாப்பாடு வருமா?
- தரையில் கார்ப்பெட்டா, மரமா, டைல்ஸா?
- காம்பவுண்டு முழுவதும் வேலி உண்டா? கேட் சாத்தியிருக்குமா?

கார்ப்பெட் அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலை ஊர்களின் பழைய ஹோட்டல்களில் இது அதிகம். முன்னால் தங்கிய நாயின் மூத்திர வாடை மனிதருக்குத் தெரியாது, உங்கள் நாய்க்குத் தெரியும். ஆண் நாயாக இருந்தால் அதே இடத்தில் காலைத் தூக்கும். தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் தள்ளி, காரிடார் கோடியில் இருக்கும் அறையைக் கேளுங்கள்.

பேசி முடித்ததும் அத்தனையையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது ரிசப்ஷனில் வேறு ஷிப்ட் ஆள் இருப்பார். தனியார் ஹோட்டல் நாயை ஏற்றே ஆகவேண்டும் என்று நீங்கள் சட்டம் பேச முடியாது. அந்த ஒரு வரி பதில்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

படி 3: டாக்டரும் காகிதமும்

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் ஊசி முதல் முறை போடுவதானால் அது பலன் தர ஏறக்குறைய 21 நாள் ஆகும். அதனால்தான் மூன்று வாரம். ஆண்டு தவறாமல் போடப்படும் ரேபிஸ், டிஹெச்பிபிஐ (டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டு ஊசி), லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசிகளின் தேதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல நாய்கள் வந்துபோகும் இடம் என்றால் கென்னல் காஃப் (நாய்க்கு நாய் தொற்றும் இருமல்) ஊசி பற்றியும் கேளுங்கள். அது வேலை செய்யவும் சில நாள் தேவை.

உண்ணி மருந்தை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு மாத்திரை வகையும் உண்டு, 12 வாரம் தாங்கும் வகையும் உண்டு. நாயின் எடைக்கு ஏற்றதை டாக்டர் தருவார். நம் ஊர்ப் பழுப்பு உண்ணி கட்டடத்துக்குள்ளேயே வாழும். கட்டில் கால் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் இருந்துகொண்டு அடுத்த நாய்க்காகக் காத்திருக்கும். நாய்கள் தொடர்ந்து தங்கும் அறை என்றால் உங்களுக்கு முன்பே அது அங்கே குடியேறியிருக்கலாம்.

தடுப்பூசிப் புத்தகம், சமீபத்திய உடல்நலச் சான்று, மாநகராட்சி லைசென்ஸ் நகல், மைக்ரோசிப் எண், நாயின் இரண்டு படங்கள் ஆகியவற்றைக் காகிதத்திலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் சிக்னல் கிடைக்காது என்பதால்தான் காகிதம். கழுத்துப்பட்டையில் தொங்கும் தகட்டில் வீட்டு முகவரியைவிட, கையில் இருக்கும் இரண்டு செல் எண்கள் முக்கியம்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போவதானால் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு இது. அந்த இரண்டு இடங்களிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். நாய்க்கான தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள். மலம் அள்ள பிளாஸ்டிக் பைக்குப் பதில் பழைய செய்தித்தாளும் காகிதப் பையும் வைத்துக்கொண்டால் சாவடியில் விளக்கம் சொல்லும் வேலை இல்லை.

படி 4: மூட்டை கட்டுவது

நாய் தினமும் படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் வீட்டு வாசனைதான் புது அறையில் அதைத் தூங்கவைக்கும். கட்டிலில் ஏறிப் பழகிய நாய் என்றால், ஹோட்டல் மெத்தைமேல் விரிக்க இரண்டு பழைய டபுள் பெட்ஷீட். ஹோட்டல் டவலால் நாயைத் துடைத்தால் டெபாசிட்டில் கைவைப்பார்கள், ஆகவே மூன்று பழைய துண்டு. சாப்பிடும் உணவு தங்கும் நாட்களுக்குப் போக இரண்டு நாளைக்குக் கூடுதலாக. இரண்டு கிண்ணம், இரண்டு லீஷ் (பிடித்து நடத்தும் வார்; ஒன்று அறுந்தால் இன்னொன்று), மூத்திரத்தை உறிஞ்சும் விரிப்பு (பீ-பேட்), மூத்திர வாடையைப் போக்கும் என்சைம் கிளீனர் ஒரு பாட்டில், முடி எடுக்க ரப்பர் கையுறை. கண்ட இடத்தில் காலைத் தூக்கும் ஆண் நாய்க்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப் பட்டை. கூண்டில் படுத்துப் பழகிய நாய் என்றால் மடக்குக் கூண்டு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. ஆனால் பயணத்துக்காக அதை நேற்று வாங்கி இன்று பூட்டக் கூடாது. பழக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வகைகளுக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி. சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டு இழுத்தால் பின்வாங்கி நொடியில் உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகும் மார்டின்கேல் பட்டையோ, மார்பையும் வயிற்றையும் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸோ வேண்டும். தெரியாத ஊரில் ஓடிய வேட்டை நாயைப் பிடிப்பது லேசில்லை.

முதலுதவிக்குப் பஞ்சு, பேண்டேஜ், போவிடோன் அயோடின், உண்ணி எடுக்கும் கொக்கி, டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி, வயிற்றுப்போக்கு மருந்துகள். நமக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டையும் நாய்க்குத் தரவே கூடாது.

படி 5: வழியில்

கிளம்ப மூன்று நான்கு மணி நேரம் முன்னால் அரை வயிறு சாப்பாடு போதும். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் நாய்க்கு மரோபிடண்ட் மாத்திரை உண்டு. மலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தரவேண்டும், அளவு டாக்டர் சொல்வதுதான். ஏற்காட்டுக்கு 20 வளைவு, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு என்று கணக்குப் போட்டு, அடிவாரத்தில் ஒருமுறை இறக்கி நடக்கவிட்டு ஏறுங்கள்.

பின்சீட்டில் ஹார்னஸை சீட் பெல்ட்டோடு இணையுங்கள். கழுத்துப்பட்டையோடு இணைத்தால் சடன் பிரேக்கில் கழுத்து இறுகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஹோட்டலின் பின்பக்கம் எலும்பும் எச்சிலிலையும் கொட்டும் இடம், அந்தப் பக்கம் விடவேண்டாம். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போய்விட்டு நாயைக் காரில் பூட்டிவைப்பதுதான் பயணத்தில் நடக்கும் மிக மோசமான தவறு. வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 45 டிகிரியைத் தொட்டுவிடும். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. இரண்டு பந்தியாகச் சாப்பிடுங்கள்.

ரயிலில் போவோருக்கு ஒரு வரி: ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயோ நால்வர் கேபினோ முழுவதும் உங்களுடையதாக இருந்தால்தான் நாய் கூடவே வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் (பிரேக் வேன்) இருக்கும் நாய்க்கூண்டுதான். கோடையில் அதில் ஏற்றாதீர்கள்.

படி 6: அறைக்குள் முதல் அரை மணி நேரம்

போனதும் நேராக ரிசப்ஷனுக்கு நாயை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். ஒருவர் செக்-இன் பார்க்கட்டும், இன்னொருவர் வெளியே 20 நிமிடம் நடத்தி, மூத்திரமும் மலமும் முடித்துக்கொண்டு வரட்டும். அறைக்குள் முதலில் மனிதர் மட்டும் போய், மண்டியிட்டு நாயின் உயரத்தில் பார்க்கவேண்டும்.

பார்க்கவேண்டியதில் முதலாவது பாத்ரூம். வாஷ்பேசின் ஓட்டையிலும் தரை வடிகால் ஜாலியிலும் வெள்ளை உருண்டை கிடக்கும். பாச்சை உருண்டை என்பார்களே, அந்த நாப்தலின்தான். அலமாரி மூலையிலும் இரண்டு இருக்கும். சின்ன நாய் ஒன்றைக் கடித்து விழுங்கினாலே வாந்தியில் தொடங்கி ரத்தச் சிவப்பணு சிதைவு வரை போகலாம். அத்தனையையும் பொறுக்கி, ஒரு பையில் கட்டி ஹவுஸ்கீப்பிங்கிடம் கொடுத்துவிடுங்கள். தரையில் ஃபினாயில் வாடை தூக்கலாக இருந்தால் வெறும் தண்ணீர் விட்டு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் நடந்த பாதத்தை நாய் நக்கும். டாய்லெட் மூடி எப்போதும் சாத்தியே இருக்கட்டும்.

அடுத்து கட்டிலுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். காட்டேஜ் என்றால் எலி மருந்து வைத்திருக்கலாம், ரிசப்ஷனில் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். தரையோரப் பிளக்கில் சொருகிய கொசு மருந்தைக் கழற்றி மேலே வையுங்கள். டீ, காபித்தூள், சாக்லேட் தட்டு நாய்க்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். பால்கனிக் கம்பி இடைவெளியில் நாயின் தலை நுழையுமா என்று பாருங்கள், நுழைந்தால் உடம்பும் நுழையலாம். மலை ஊர்களில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வரும். நாயும் குரங்கும் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் காயம் நாய்க்குத்தான்.

இவ்வளவும் முடிந்து, சுவர், கதவு, சோபாவில் ஏற்கெனவே இருக்கும் கீறல், கறைகளைப் படம் எடுத்தபிறகு, லீஷ் போட்டபடியே நாயை உள்ளே கொண்டுவந்து மூலை மூலையாக மோந்து பார்க்கவிடுங்கள். சுவரோரம் நின்று காலைத் தூக்கப் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தால் உடனே வெளியே. விரிப்பைக் கதவிலிருந்து தள்ளி மூலையில் போடுங்கள். காரிடாரில் ஒவ்வொரு காலடிக்கும் குரைப்பது அப்போதுதான் குறையும். காலிங் பெல்லை அணைக்க முடியுமா, ரூம் சர்வீஸ் பெல் அடிக்காமல் போனில் கூப்பிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: சாப்பாடு

ஊர் மாறும்போது உணவையும் மாற்றாதீர்கள். வயிறு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். கொண்டுபோனது தீர்ந்துவிட்டால் கிச்சனில் இப்படிச் சொல்லுங்கள்: "வெறும் சாதம், வெறும் தண்ணியில வேகவச்ச எலும்பில்லாத சிக்கன். உப்பு, மஞ்சத்தூள், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம்." இதைச் சொல்லாமல் "நாய்க்குக் கொஞ்சம் சிக்கன்" என்றால் கிரேவியைக் கழுவிக் கொண்டுவருவார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், கழுவினாலும் சாறு போகாது. தயிர்சாதம் தானே என்று வாங்கி வைப்பவர்கள் கவனிக்க: ஹோட்டல் தயிர்சாதத்தில் திராட்சையும் கிஸ்மிஸும் போடுவது வழக்கம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும், எவ்வளவு தின்றால் என்று அளவு சொல்ல முடியாத விஷம் அது. அவசரத்துக்கு வெறும் இட்லி பாதகமில்லை.

படி 8: தனியாக விடுவது

முடிந்தவரை வேண்டாம். ஹோட்டல் அனுமதித்து, வேறு வழியும் இல்லையென்றால், முதலில் கதவைச் சாத்திக்கொண்டு காரிடார் கோடியில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். அறையில் ஒரு போனில் ரெக்கார்டிங் ஓடட்டும். அமைதியாக இருந்தால் அரை மணி, பிறகு ஒரு மணி.

இங்கே பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கதவருகே இருக்கும் சுவிட்சில் சாவி அட்டையைச் சொருகினால்தான் பல ஹோட்டல்களில் கரண்ட் வரும். நீங்கள் அட்டையை உருவிக்கொண்டு கிளம்பியதும் சில நொடிகளில் ஏசி, ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ஜன்னல் மூடிய அறையில் நாய் புழுங்கும். ரிசப்ஷனில் இரண்டாவது அட்டை கேட்டு வாங்கி, ஒன்றைச் சொருகியே வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, மாஸ்டர் சாவி. "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டையைத் தொங்கவிட்டாலும் ஹவுஸ்கீப்பிங் ஆள் திறந்துவிடுவதுண்டு. திறந்த கணத்தில் நாய் அவர் காலிடுக்கில் வெளியே பாயும். "ரூமில் நாய் இருக்கிறது, திறக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கூடவே உங்கள் செல் எண்ணும். சுத்தம் செய்யும் நேரத்தை நீங்களே சொல்லி, அப்போது நாயை வெளியே கூட்டிப் போங்கள்.

படி 9: வெளியே நடத்துவது

மலை ஊர்களில் பொழுது சாய்ந்தபிறகும் விடியுமுன்பும் நாயை இருட்டில் இறக்காதீர்கள். வால்பாறை, குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம் சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. தேயிலைச் செடிக்குள் மறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணி மூத்திரத்துக்கு விளக்கு வெளிச்சத்தில், குட்டை லீஷில், அறை வாசல் ஓரமே போதும். காட்டேஜ் வராந்தாவில் இரவு கட்டிப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தெருநாய்கள் கூட்டமாக வந்தால் ஓடவேண்டாம். கையில் இருக்கும் குடையை அவற்றின் பக்கம் பட்டென்று விரியுங்கள், பெரும்பாலும் பின்வாங்கும். மழைக்காலத்தில் வயநாடு, கூர்க், வால்பாறையில் அட்டைப்பூச்சி ஏறும். அறைக்குள் நுழையுமுன் விரல் இடுக்கு, காது மடல், மூக்குத் துவாரம் மூன்றையும் பாருங்கள். கடற்கரை என்றால் உப்புத் தண்ணீரைக் குடிக்கவிடாமல், நல்ல தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். உப்புத் தண்ணீரின் விளைவு ராத்திரி அறைத் தரையில் தெரியும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால்

மூத்திரத்தைத் தேய்க்காதீர்கள். பழைய துண்டை மடித்து அழுத்தி உறிஞ்சுங்கள், பிறகு கொஞ்சம் தண்ணீர், மறுபடி அழுத்தல். அதன்மேல் என்சைம் கிளீனரை ஊற்றிப் பத்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். அமோனியா கலந்த கிளீனர் மூத்திரத்தைப் போலவே மணக்கும் என்பதால் நாய் மறுபடி அங்கேயே போகும். மெத்தை நனைந்துவிட்டால் மூடி மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். அன்றே துவைத்தால் போய்விடும் கறை, நீங்கள் கிளம்பியபின் தெரியவந்தால் டெபாசிட் முழுதும் போகும். அடுத்து நாயோடு வருபவருக்கு அறையும் கிடைக்காது.

செக்-அவுட்

கிளம்ப ஒரு மணி நேரம் முன் நாயை வண்டிப் பக்கம் அனுப்பிவிட்டு அறையைப் பாருங்கள். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து சோபாவில் ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு வந்துவிடும். மறுபடி படம் எடுங்கள். மேனேஜரையோ ஹவுஸ்கீப்பிங் ஆளையோ அறைக்கே கூப்பிட்டுக் காட்டி, அங்கேயே டெபாசிட்டைத் திரும்பக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் போனில் கேட்டால் இழுத்தடிக்கும். சுத்தம் செய்பவருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக டிப்ஸ் கொடுங்கள், அவருக்கு இன்று வேலை இரட்டிப்பு.

வீடு வந்ததும் உடம்பு முழுவதும் உண்ணி தேடுங்கள். காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில். அடுத்த மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, காய்ச்சலடித்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய், எந்த ஊரில் எப்போது தங்கினீர்கள் என்று சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.